கூலியும் சம்பளமும்: ஊதியப் பற்றுகையின் வரலாற்றில் இரு சொற்கள்

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் நடப்புக்கு வந்தபோது, மாதம் 40 ரூபாய் சம்பளம் பெற்ற ரயில்வே எழுத்தர் ஒருவர்மீது கடன் வழக்கில் தீர்ப்பாணை பிறந்தால், அவர் வீட்டுக்குக் கொண்டுசெல்லக்கூடியது 20 ரூபாய். மீதி 20 ரூபாயைக் கடன் கொடுத்தவருக்காக நீதிமன்றம் பற்ற முடியும். சட்டத்தின் 60ஆம் பிரிவு வகுத்த கணக்கு அது. 20 ரூபாய் வரையிலான சம்பளத்தைத் தொடக்கூடாது. 20க்கு மேல் 40 வரை என்றால் 20 ரூபாயை விட்டுவைக்க வேண்டும். அதற்கும் மேல் சரிபாதி. அரசு ஊழியர், ரயில்வே ஊழியர், உள்ளாட்சி ஊழியர் ஆகியோருக்கு இந்த விதி பொருந்தியது.

அதே பிரிவின் மற்றோர் உட்பிரிவு, உழைப்பாளிகள், வீட்டு வேலையாட்கள் ஆகியோரின் கூலியை முழுவதுமாக விலக்கி வைத்தது. கூலிக்கு முழுப் பாதுகாப்பு, சம்பளத்துக்குப் பாதிப் பாதுகாப்பு. இரண்டுமே உழைப்புக்குக் கிடைக்கும் பணம்தான். ஆனால் எந்தப் பெயரில் அது வருகிறது என்பதைப் பொறுத்தே அடுப்பு எரிவதும் எரியாததும் இருந்தது. ‘உழைப்பாளி’ என்பவர் யார் என்ற கேள்வி வழக்குக்கு வழக்கு எழுந்தது. பயிற்சி பெற்ற கைவினைஞரும் அச்சொல்லில் அடங்குவார் என்று சட்டமே பின்னாளில் ஒரு விளக்கம் சேர்க்க நேர்ந்தது அதனால்தான். (சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும், சேர்ந்து ‘சம்பளம்’ ஆயிற்று என்ற மேடை விளக்கம் இங்கே உதவாது. வழிச்சோற்றைக் குறிக்கும் ‘சம்பல’ என்ற வடசொல்லே அதற்கு நெருக்கமான மூலம்.)

சம்பளக்காரரைக் கடன்காரர்கள் விரும்பியதற்குக் காரணம் நடைமுறையில் இருந்தது. நிலத்தைப் பற்றினால் ஏலம் விட வேண்டும். ஏலம் கேட்க ஆள் வர வேண்டும். பண்டங்களைப் பற்றினால் அவை மறைந்துவிடக்கூடும். சம்பளமோ மாதந்தோறும் தானே வருகிறது. 21ஆம் கட்டளையின் 48ஆம் விதிப்படி, சம்பளம் வழங்கும் அதிகாரியே உரிய தொகையைப் பிடித்து நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். கடனாளியோ அந்த அதிகாரியோ நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே இருந்தாலும் ஆணை செல்லும். ஊர் மாற்றலாகிப் போன ஊழியரையும் ஜப்தி பின்தொடர்ந்தது. வட்டிக்குக் கொடுத்தவருக்கு அரசு அலுவலகமே செலவில்லாத வசூல் கணக்குப்பிள்ளையாக அமைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த முடிச்சை வெளிப்படையாக அவிழ்த்தது 1929இல் ஜே. எச். விட்லி தலைமையில் அமைந்த இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம். வி. எஸ். சீனிவாச சாஸ்திரியும் என். எம். ஜோஷியும் அதன் உறுப்பினர்கள். 1931இல் வெளியான அறிக்கை, பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் குடும்பங்கள் கடனில் இருப்பதாக மதிப்பிட்டது. ரூபாய்க்கு மாதம் ஓரணா என்பது வழக்கமான வட்டி. ஆண்டுக்கணக்கில் அது 75 விழுக்காடு. மாதம் 300 ரூபாய்க்குக் குறைவாகப் பெறும் தொழிலாளரின் ஊதியத்தைப் பற்றவே கூடாது என்று ஆணையம் பரிந்துரைத்தது. பற்ற முடியாது என்று தெரிந்தால் தொழிலாளிக்குக் கடன் கிடைப்பது அரிதாகுமே என்ற அச்சத்தை அது ஏற்கவில்லை. எளிதாகக் கிடைக்கும் கடனே நோய் என்பது அதன் நிலைப்பாடு. இன்று படிக்கும்போது இந்த வாதத்தில் ஒரு மேட்டிமை தெரிகிறது. மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்குபவரிடம் போய் கடன் கிடைக்காதது நல்லது என்று சொல்வது எளிதன்று. ஆயினும் கடன் கொடுத்தவரின் துணிவு எங்கிருந்து வந்தது என்பதை ஆணையம் சரியாகவே கண்டது.

1937ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பரிந்துரையைப் பாதி வழியில் நிறுத்தியது. முதல் 100 ரூபாயும் எஞ்சியதில் பாதியும் பற்றுகைக்கு அப்பாற்பட்டவை ஆயின. 40 ரூபாய் எழுத்தரிடம் இனி ஒரு காசும் பிடிக்க முடியாது. 120 ரூபாய் பெறுபவரிடம் 10 ரூபாய் மட்டுமே. இதைவிட முக்கியமானது காலவரம்பு: ஒரே தீர்ப்பாணைக்காகச் சம்பளம் மொத்தம் 24 மாதம் பற்றுகையில் இருந்துவிட்டால், அத்தீர்ப்பாணைக்கு அதன்பின் அதைத் தொடவே முடியாது. கடன் தீராமல் இருக்கலாம். சம்பளத்தின்மீது விழுந்த பிடி தீர்ந்துவிடும்.

1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இத்தொகை 400 ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் என்று மாறியது. மணவிலக்கு, பராமரிப்பு வழக்குகளில் பிறக்கும் பராமரிப்புத் தீர்ப்பாணைக்குத் தனிக் கணக்கு: சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காக்கப்பட்டது. தனியார் நிறுவன ஊழியரின் சம்பளத்தை முதலாளி வழியே பிடிக்கும் 48அ விதியும் அப்போதுதான் சேர்ந்தது. 1999இல் நிறைவேறி 2002 ஜூலையில் நடப்புக்கு வந்த திருத்தம் 400ஐ 1,000 ஆக்கியது. 25,000 ரூபாய் பெறுபவரின் சம்பளத்தில் இன்று 8,000 ரூபாய் வரை பற்றலாம்.

1937இன் 100 ரூபாய், கீழ்நிலை ஊழியரின் முழுச் சம்பளத்தையும் மூடிய கூரை. அந்த வரம்புக்குள் வருபவரைச் சட்டம் கடனாளியாகவே பார்க்கவில்லை. இன்றைய 1,000 ரூபாயில் முழுச் சம்பளமும் அடங்கும் ஊழியர் எவருமில்லை. பாதுகாப்பு முழுவதும் மூன்றில் இரண்டு என்ற விகிதத்தின் தோளில் இறங்கிவிட்டது. அந்த விகிதமோ 15,000 ரூபாய்க்காரரையும் 1,50,000 ரூபாய்க்காரரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.