சாமானியன் எந்தத் தெரு? வாக்ளே வீட்டு வாசலும் சாலிஸ்காவ் குதிரை வண்டியும்

கட்டுமாவடியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் சனிக்கிழமைகளில் பாடம் கிடையாது. ஒரு படமோ பழைய தொலைக்காட்சித் தொடரோ போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பேசுவோம். போன மாதம் தூர்தர்ஷனில் வந்த 'வாக்ளே கி துனியா' என்ற இந்தி நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதியைப் போட்டோம். சாமானிய மனிதனின் கதை என்று அறிமுகம் சொல்லி, பக்கத்தில் நின்று வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தோம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிந்ததும், மீன் கூடை சுமக்கும் ஓர் அம்மாவின் மகள், எட்டாம் வகுப்புக்காரி, கேட்டாள்: "இவங்க எந்தத் தெருக்காரங்க அக்கா?"

எந்தத் தெரு என்பது என்ன கேள்வி என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

'வாக்ளே கி துனியா' 1988இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. தனியார் அலைவரிசைகள் வராத காலம் அது. அரசுத் தொலைக்காட்சி எதைக் காட்டியதோ அதுதான் நாடு பார்த்தது. குந்தன் ஷா இயக்கினார். எழுத்தர் வேலை பார்க்கும் சீனிவாச வாக்ளேயாக அஞ்சன் ஸ்ரீவஸ்தவும், மனைவி ராதிகாவாக பாரதி அச்ரேக்கரும் நடித்தார்கள். சம்பளம், மேலதிகாரி, பிள்ளைகள், அக்கம்பக்கம் என்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சின்னச் சின்னச் சங்கடங்கள்தான் கதை. 2021இல் சோனி சப் அலைவரிசை இதைப் புதுப்பித்தபோது, அதே இருவரும் தாத்தா பாட்டியாக வந்தார்கள். அவ்வளவு நீண்ட ஆயுள் இந்தக் குடும்பத்துக்கு.

வாக்ளே எங்கிருந்து வந்தார்? கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணின் கற்பனை உலகத்திலிருந்து. 1921இல் மைசூரில் ஒரு தலைமையாசிரியரின் கடைசி மகனாகப் பிறந்தவர் லக்ஷ்மண், தமிழ்ப் பிராமணக் குடும்பம், எழுத்தாளர் ஆர்.கே. நாராயணனின் தம்பி. 1951 முதல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் அவர் வரைந்த கேலிச்சித்திரத்தில் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பாரே, வேட்டியும் கட்டம் போட்ட கோட்டும் வட்டக் கண்ணாடியும் வழுக்கையுமாக ஒருவர், அந்தச் 'சாமானிய மனிதர்'தான் வாக்ளேக்கு மூத்தவர்.

அந்தச் சாமானியர் பிறந்த விதத்தை லக்ஷ்மணே சொல்லியிருக்கிறார். நாட்டின் பொதுமக்களைக் காட்ட ஆரம்பத்தில் அவர் ஒரு கூட்டத்தையே வரைந்தார்: வங்காளி, தமிழர், பஞ்சாபி என ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆள். ஆனால் நாள்தோறும் குறித்த நேரத்துக்குள் படத்தைக் கொடுக்க வேண்டும். அத்தனை பேரை வரைய நேரம் போதவில்லை. ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியவர் இந்த வேட்டி, கோட்டுக்காரர்.

இந்தக் கழித்தல் கணக்கில்தான் நாங்கள் நிற்க விரும்புகிறோம். எல்லோரையும் கழித்த பிறகு மிஞ்சியவர் ஏன் ஒரு மீன்காரம்மாவாக இல்லை? ஏன் கூலி விவசாயியாகவோ துப்புரவுத் தொழிலாளியாகவோ இல்லை? லக்ஷ்மண் திட்டம் போட்டு எவரையும் விலக்கினார் என்று நாங்கள் சொல்லவில்லை. அவசரத்தில் கை தானாக எதை வரைகிறதோ, அதுதான் ஒருவருக்கு 'சாதாரணம்'. தலைமையாசிரியர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெருவில் போகும் சாதாரண மனிதர் எப்படித் தெரிவாரோ, அப்படித்தான் அவர் இருக்கிறார்.

வாக்ளேயின் பெயரும் அதையே சொல்கிறது. குடும்பப் பெயர் போடும் வழக்கம் இல்லாத நமக்கு அது வெறும் பெயர். மும்பைக்காரர் காதில் அப்படி விழாது. கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதப் பிராமணர்களிடம் வழங்கும் குடும்பப் பெயர் அது. அந்த வீட்டு வாசலில் சாதி எழுதி ஒட்டியிருக்கவில்லை; எழுத வேண்டிய தேவை இல்லை, அவ்வளவுதான்.

சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே 2013இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதன் வரலாற்றைக் காட்டினார். மேல்சாதிகள் தங்கள் சாதியின் பலன்களைப் படிப்பாகவும் வேலையாகவும் மாற்றிக்கொண்ட பிறகு, 'எங்களுக்குச் சாதி இல்லை, நாங்கள் வெறும் குடிமக்கள்' என்று பேச முடிகிறது. சாதியைச் சொல்லி உரிமை கேட்க வேண்டியவர்கள் மட்டுமே சாதிக்காரர்களாகத் தெரிகிறார்கள். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று நம் சென்னை மாகாணத்து வழக்கு. செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தமிழகம் கொதித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. நீதிமன்றத்தில் 'சாதியற்ற குடிமகன்' பேசிய அதே 1951இல்தான் நாளிதழில் 'சாதியற்ற சாமானியன்' தோன்றுகிறார். இரண்டும் ஒரே காலத்தின் குழந்தைகள்.

வாக்ளே தொலைக்காட்சிக்கு வந்த 1988க்கும் இப்படி இன்னொரு பக்கம் உண்டு. அண்ணல் அம்பேத்கரின் 'இந்து மதத்தின் புதிர்கள்' நூலை மகாராஷ்டிர அரசு வெளியிட்டதை எதிர்த்துச் சிவசேனா கிளம்பியது. அதற்குப் பதிலடியாக அந்த ஆண்டின் தொடக்கத்தில் லட்சக்கணக்கான தலித் மக்கள் மும்பைத் தெருக்களை நிறைத்தார்கள். அவர்களும் அதே நகரத்தில் வாடகை கொடுத்து, நெரிசலில் ரயிலேறி, மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவர்கள்தான். அவர்களில் எவரும் சாமானியராக எண்ணப்படவில்லை.

தலித் ஒருவரின் அன்றாடச் சங்கடம் எப்படி இருக்கும்? அண்ணலே எழுதிவைத்திருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற அவருடைய நினைவுக் குறிப்புகள் 1930களின் நடுவில் எழுதப்பட்டவை. சிறு நூலாக அச்சேறியது 1990இல்.

அதில் 1929இல் நடந்த ஒரு சம்பவம். தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராகப் பயணம் செய்த அண்ணல், சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். தங்கள் குடியிருப்பில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று அவ்வூர் மகர் மக்கள் கேட்கிறார்கள். நடந்தே போகக்கூடிய தூரம்தான்; ஆனால் விருந்தாளியை நடத்திக் கூட்டிப்போவது மரியாதையில்லை என்று குதிரை வண்டிக்கு ஆள் போகிறது. வண்டி வர ஒரு மணி நேரம் ஆகிறது. கிளம்பிய சிறிது தூரத்திலேயே ஒரு மோட்டார் காரின் மீது மோதப் பார்க்கிறது. பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ள, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுகின்றன. அண்ணல் கல்தரையில் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது.

காரணம் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தீண்டத்தகாதவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்ட எந்த வண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமே இல்லாத தங்களில் ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். பாரிஸ்டர் பட்டம் பெற்றவரைவிட வண்டிக்காரரின் சாதி உயரத்தில் இருந்தது.

இந்தக் காட்சியை ஒரு நகைச்சுவைத் தொடரில் வைத்துப் பாருங்கள். தாமதமாகும் வண்டி, தடுமாறும் வண்டிக்காரர், மயிரிழையில் தப்பும் மோதல், கடைசியில் தடால். நகைச்சுவைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. ஆனால் வண்டிக்காரர் ஏன் பழக்கமில்லாதவர் என்று தெரிந்த நொடியில் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். வாக்ளேயைப் பார்த்து நாம் கவலையில்லாமல் சிரிக்க முடிவதற்குக் காரணம், அவருக்கு வரும் எந்தச் சங்கடத்துக்கும் பின்னால் அந்தக் காரணம் இல்லை என்பதுதான்.

'சிரிக்க வைக்கும் தொடரில் இதையெல்லாம் தேடலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. தேடியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1974இல் 'குட் டைம்ஸ்' என்ற தொடர் தொடங்கியது. சிகாகோவின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழும் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தின் கதை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் மான்டி, சிகாகோவின் கப்ரினி கிரீன் குடியிருப்பிலேயே வளர்ந்தவர். தாயாக நடித்த எஸ்தர் ரோல், தகப்பன் இல்லாத கறுப்புக் குடும்பமாகக் காட்டினால் நடிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துத் தகப்பன் பாத்திரத்தைச் சேர்க்க வைத்தார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மூத்த மகனின் கோமாளித்தனம் வரவேற்புப் பெற, தொடர் அந்தப் பக்கம் சாய்ந்தது. எதிர்த்துப் பேசிய ஜான் அமோஸ் நீக்கப்பட்டார். அவர் நடித்த தகப்பன் 1976இல் விபத்தில் இறந்ததாகக் கதை மாற்றப்பட்டது. தன் கற்பனை திருடப்பட்டதாக மான்டி 1977இல் வழக்குப் போட்டார். சமரசத்தில் பணம் கிடைத்தது. பின்னர் வேலை கிடைக்கவில்லை. 2006இல் அவர் வீடற்றோர் காப்பகத்தில் இருந்தார். நம் வாழ்க்கை திரைக்கு வந்தால் மட்டும் போதாது, எழுதும் கையும் முடிவெடுக்கும் இடமும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதே இதில் நமக்கான பாடம்.

2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதையொட்டி ஆய்வுக்குப் போன அதிகாரிகள், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையையும் பார்த்தார்கள். தண்ணீர் பிடிப்பதும் டீ குடிப்பதும்தான் சாமானியனின் அன்றாடம் என்றால், எங்கள் மாவட்டத்துச் சாமானியனின் கதை அந்தக் குழாயடியிலும் அந்தக் குவளையிலும் தொடங்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு அன்றே பதில் சொன்னோம். "அவங்க மேல்தெருக்காரங்க. ஆனா அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவங்களுக்கு வரலை." அடுத்த சனிக்கிழமை, 'எங்கள் வீட்டில் ஒரு நாள்' என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னோம். அவள் எழுதியது, பேருந்தில் அம்மாவின் மீன் கூடையைப் பார்த்து மூக்கைப் பொத்திய ஒருவர், இறங்கும்போது அதே அம்மாவிடம் பேரம் பேசிக் கால் கிலோ நெத்திலி வாங்கிப் போன கதை. வாசித்தபோது வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.