சேர்ந்த காரணமும் தங்கிய காரணமும்: சென்னை மாகாணத்து முதல் பெண் மருத்துவர்களை முன்வைத்து

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தமிழ்நாட்டில் ஒரு காட்சி பல ஆண்டுகளாகத் தவறாமல் நடந்துவந்தது. மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாணவிக்குத் தலைமையாசிரியர் இனிப்பு ஊட்டுவார். பக்கத்தில் நிற்கும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நாலைந்து மைக்குகள் முகத்துக்கு நேரே நீளும். "அடுத்து என்ன படிக்கப் போறீங்க? ஏன்?" என்ற கேள்விக்கு, "டாக்டராகி ஏழை மக்களுக்குச் சேவை செய்வேன்" என்று பதில் வரும். 2017-இல் ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியதோடு இந்தக் காட்சி மறைந்தது. ஆனால் கேள்வி மறையவில்லை. கல்விக்கடன் கேட்டுப் போகும் வங்கியிலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியனுப்பும் நோக்க அறிக்கையிலும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமிருந்தும் அது வந்துகொண்டேதான் இருக்கிறது.

மாணவியின் பதிலை மனப்பாட வரி என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. பதினேழு வயதில் ஒருவருக்கு அந்த ஆசை மெய்யாகவே இருக்கலாம். கோளாறு கேள்வியில் இருக்கிறது. படிக்கப் போகும் காரணம் படிப்புக்கு முன்பே முழுதாக உருவாகி, பெட்டியில் வைத்த பொருள்போல மாணவரிடம் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் காட்டிவிடலாம் என்று அந்தக் கேள்வி எண்ணிக்கொள்கிறது. சென்னை மாகாணத்தில் மருத்துவம் படிக்க முதலில் முன்வந்த பெண்களின் வாழ்க்கை வேறொன்றைக் காட்டுகிறது. அவர்கள் சேர்ந்த காரணம் வேறு, தங்கிய காரணம் வேறு. வாசல் திறக்கும்வரை அந்தக் காரணங்களில் பலவற்றுக்கு வெளியே தலைகாட்டவும் வழியில்லை.

உளவியலில் இதற்கு ஓரளவு துணை உண்டு. எட்வர்டு டெசியும் ரிச்சர்டு ரயனும் 1980-களில் வளர்த்தெடுத்த தன்னுறுதிக் கோட்பாடு, ஒருவரைச் செயலில் இறக்கும் உந்துதலை உள்ளிருந்து வருவது, வெளியிலிருந்து வருவது என்று வகுத்ததோடு நின்றுவிடவில்லை. வெளியிலிருந்து வந்த உந்துதல் படிப்படியாக ஒருவருக்குச் சொந்தமாகிவிட முடியும் என்பதும் அதன் பகுதி. அப்பா சொன்னதற்காகப் படிக்கத் தொடங்கியவர், பிறகு அதையே தன் வழியாக ஏற்றுக்கொள்வது இந்த வகை. மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004-இல் எழுதிய கட்டுரை ஒன்று வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஆசைப்படுவதும் ஒரு திறன், அது எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை என்பது அவர் வாதம். வழி தெரிந்தவர்கள் நடுவில் வளர்கிறவருக்கு ஆசையிலிருந்து அடுத்த படிக்குப் போகும் பாதை கண்ணில் படும். மற்றவருக்கு ஆசை மட்டும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் திண்டிவனத்தில் நடந்தது விளங்கும்.

1890-களின் தொடக்கம். அமெரிக்க மிஷன் மருத்துவரான தந்தையின் திண்டிவனம் வீட்டில், நோயுற்ற தாயைக் கவனிக்க வந்திருந்தார் ஐடா ஸ்கட்டர். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் படித்தவர். பாட்டனார் ஜான் ஸ்கட்டர் 1819-இலேயே இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி. குடும்பமே அந்தப் பணியில் ஊறியிருந்தது. ஐடாவுக்கோ அதில் நாட்டமே இல்லை. தாய் தேறியதும் திரும்பிவிடுவதாகத்தான் இருந்தார். ஓர் இரவு பிராமணர் ஒருவர் வந்து, தலைப்பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவை அழைத்துவருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் பார்ப்பதைவிடச் சாவதே மேல் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பின்னாலேயே முஸ்லிம் ஒருவர் வந்தார். அதன்பின் இன்னொரு இந்துக் கணவர். மூவருக்கும் ஒரே தேவை, மூவரும் ஒன்றுபோல் மறுத்தார்கள். பொழுது விடிந்தபோது தெருவில் சாவுமேளம் கேட்டது. விசாரிக்கப் போன வேலையாள் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தியோடு திரும்பினார்.

பின்னாளில் ஐடாவே சொல்லிப் பரவிய நிகழ்ச்சி இது. ஒரே இரவு ஒரு வாழ்க்கையைத் திருப்பிவிட்ட கதையாகத்தான் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் அந்த இரவு வாழ்க்கையைத் திருப்பியதற்கு இரண்டு துணைகள் இருந்தன. ஐடா பிறந்த குடும்பத்தில் மருத்துவம் எட்டாக்கனி அல்ல. எங்கே எழுதிக் கேட்பது, யாரிடம் பணம் திரட்டுவது என்பதெல்லாம் வீட்டுப்பேச்சாகவே தெரிந்தவை. அடுத்தது கல்லூரி. 1895-இல் அவர் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி தொடங்கிப் பெண்களையும் சேர்த்துக்கொண்டபோது அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். அதே திண்டிவனத்தில், அதே இரவில், அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி அந்தச் சாவுமேளத்தைக் கேட்டிருப்பாள். அவள் மனத்திலும் அதே ஆசை எழுந்திருக்கக்கூடும். எழுந்திருந்தால் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்பாள்?

இந்தக் கேள்விக்கு 1918-இல் ஒரு பகுதி விடை கிடைத்தது. வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கியபோது, படிக்கப் பெண்கள் வருவார்களா என்பதே பெரிய சந்தேகமாக இருந்தது. முதல் ஆண்டில் வந்த விண்ணப்பங்கள் 151. எல்லோருக்கும் இடம் கொடுக்க முடியவில்லை. அந்த 151 பெண்களுக்கும் ஆசை 1918-ஆம் ஆண்டில் திடீரென்று முளைத்திருக்காது. தாயைப் பிரசவத்தில் இழந்தவர்கள், விதவையாகிப் பிழைக்க வழி தேடியவர்கள், வெறுமனே படிக்க விரும்பியவர்கள் என்று பலவகையினர் அதில் இருந்திருப்பார்கள் என்று ஊகிப்பதில் தவறில்லை. விண்ணப்பத் தாள் ஒன்று வந்த பிறகுதான் அந்த ஆசைகளை எண்ணவே முடிந்தது.

திண்டிவனத்துக்கு இருபதாண்டு முன்பே சென்னையில் இதே தேவை இன்னொரு பெண்ணை உலுக்கியிருந்தது. மேரி ஷார்லீப், சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் ஆங்கிலேய மனைவி. ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்துப் பெண்கள் பேறுகாலத்தில் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, முதலில் மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது சேர்ந்த நால்வரில் அவரும் ஒருவர். லண்டன் பல்கலைக்கழகம் அதற்குப் பிறகே, 1878-இல்தான், பெண்களுக்குப் பட்டம் தர இசைந்தது. அங்கே 1882-இல் பட்டம் வாங்கித் திரும்பியவரின் முயற்சியால், திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்களுக்கென்று 1885-இல் சென்னையில் மருத்துவமனை உருவானது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான்.

1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்த கிருபாபாய் சத்தியநாதனுக்கு ஆர்வத்தில் குறையில்லை, உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஓராண்டோடு படிப்பை விட நேர்ந்தது. பிறகு எழுத்துக்குத் திரும்பி, தன் வாழ்க்கையைத் தழுவி 'சகுணா' என்ற ஆங்கில நாவலை எழுதினார். அவரைத் தோற்றவர் என்று எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. ஒரு பாதையில் போகவிருந்த உந்துதல் இன்னொரு பாதையைக் கண்டுகொண்டது.

இந்த வாதத்துக்கு மிக நெருக்கமான சான்று முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பூப்பெய்திய பிறகு பள்ளி நின்றுபோனது. வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்ததால் சேர முடிந்தது. மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்ட பெண் அவர்.  1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார்.

அவரைப் படிக்க வைத்தது எது? நோயாளிகள் மீதிருந்த இரக்கம் என்று எழுதினால் பாடநூலுக்குப் பொருந்தும். அவர் தன்வரலாற்றில் சொல்லிக்கொண்டது அதைவிடத் துணிச்சலானது. எல்லோரையும்போல் ஆகிவிடக் கூடாது, உயர்ந்த ஒன்றை அடைய வேண்டும் என்ற வேட்கை இளமையிலேயே அவரிடம் இருந்தது. ஆண்களின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டே பெண்கள் வாழ்வதைக் கண்டு அவர் வருந்தினார். அதாவது தன் விடுதலையே அவர் சேர்ந்த காரணம். இதைச் சுயநலம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். தாயின் மரபு எந்த வாழ்க்கையை அவருக்கு விதித்திருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்த்தால், அந்தச் சுயநலத்தில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பது தெரியும்.

புற்றுநோய் அவர் வாழ்க்கைக்குள் வந்தது பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து. 1920-களில் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்தார். அப்போது அவர் மருத்துவர். நோய் என்னவென்று தெரியும், செய்வதற்கு அதிகம் இல்லை என்பதும் தெரியும். இடையில் 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் அவரை அழைத்துக்கொண்டது. தேவதாசி முறைக்கு எதிரான போராட்டமும், 1930-இல் தொடங்கிய அவ்வை இல்லமும் அவரை இழுத்துக்கொண்டன. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். அடையாற்றில் அந்த மருத்துவமனை திறந்தது 1954-இல். அப்போது அவருக்கு வயது 67. இன்று அவரைப் பற்றிச் சொல்லும் பலரும் அடையாற்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1907-இல் யாராவது அவர் முன்னால் மைக்கை நீட்டி 'ஏன் மருத்துவம்?' என்று கேட்டிருந்தால் அவர் பதிலில் அடையாறு இருந்திருக்காது.

இதற்கு மறுப்பாக ஆனந்திபாய் ஜோஷியைக் காட்டலாம். 1883-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறும் முன் ஸ்ரீராம்பூரில் கூட்டத்தின் நடுவே எழுந்து, இந்தியாவுக்குப் பெண் மருத்துவர்கள் தேவை, அதற்காகவே போகிறேன் என்று சொன்னவர் அவர். காரணம் முன்பே தெளிவாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? மறுப்பு வலுவானதுதான். ஆனால் அந்தத் தெளிவு வந்த வழியையும் பார்க்க வேண்டும். ஒன்பது வயதில் மணமான அவரைப் படிக்கவைத்தே தீருவது என்று விடாப்பிடியாக நின்றவர் கணவர் கோபால்ராவ். பதினான்கு வயதில் பெற்ற பிள்ளை பத்து நாளில் இறந்தது. கணவரின் பிடிவாதமாகத் தொடங்கியதை அந்தச் சாவு அவருடையதாக மாற்றியது. டெசியும் ரயனும் பேசும் உள்வாங்கலுக்கு இதைவிடக் கொடிய உதாரணம் கிடைப்பது அரிது. 1886-இல் பட்டம் பெற்ற அவர், காசநோயால் மறு ஆண்டு பிப்ரவரியில் இறந்தார். வயது 21. சேர்ந்த காரணம் தங்கிய காரணமாக வளர்வதற்குக் காலமே அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்த வரலாற்றுக்கு இன்றைய தமிழ்நாட்டில் நேரடித் தொடர்ச்சி உண்டு. 2020-இல், நீட் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டும் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட இடங்கள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஓராண்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சேவை மனப்பான்மை பலமடங்கு கூடிவிட்டதா? வேலூரின் 151 விண்ணப்பங்களுக்கு என்ன விளக்கமோ அதுவேதான் இதற்கும். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நகரத்து நடுத்தர வீட்டில் அது ஒரு செல்போன் ரீசார்ஜும் சில்லறைச் செலவும். கிராமத்து வீட்டில், 'மேற்கொண்டு படிக்க வச்சு என்ன ஆகப்போகுது' என்ற பேச்சுக்கு எதிராகப் பெண் எடுத்து வைக்கக்கூடிய முதல் கணக்கு அது.

ஆகவே பதினேழு வயதில் கேட்கத் தகுந்த கேள்வி வேறு. 'ஏன்' என்பதற்கு அழகான ஒரு பத்தி எழுதத் தெரிந்தவர் பெரும்பாலும் அத்தகைய பத்திகள் புழங்கும் வீட்டிலிருந்து வந்தவராகவே இருப்பார். அந்தப் பத்தியை வைத்து ஆர்வத்தை எடைபோட்டால் அப்பாதுரை சொல்லும் ஏற்றத்தாழ்வையே மறுபடி மதிப்பெண்ணாக மாற்றிக் கொடுப்பதாகும். இரண்டாம் ஆண்டு முடிவில், முதன்முதலாக நோயாளியின் படுக்கை அருகே நின்ற பிறகு, அல்லது முதல் வேலையில் ஓராண்டு கழித்து, 'இன்னும் ஏன் இருக்கிறாய்' என்று கேட்டால் கிடைக்கும் விடையில் சாரம் அதிகம். அந்தக் கேள்வியைக் கல்லூரிகள் கேட்பதே அரிது.

பின்னாளில் புற்றுநோய் மருத்துவரான வி. சாந்தாவிடம் அதைக் கேட்டது ஒரு வேலை உத்தரவு. சி. வி. ராமனின் குடும்பத்தில் பிறந்து, 1949-இல் மருத்துவப் பட்டமும் பிறகு மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பும் முடித்தவர். 1955-இல் அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் நல்ல வேலை கிடைத்தது. படித்த படிப்புக்கு நேர் பொருத்தமான இடம். அந்த நேரத்தில் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவமனை இயங்கிக்கொண்டிருந்தது. முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்திவந்தார். எழும்பூரை விட்டுவிட்டு, வேண்டியவர்களின் அதிர்ச்சிக்கு நடுவே, சாந்தா அடையாற்றுக்குப் போனார். அவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நாளில் அந்த மருத்துவமனையே கிடையாது. 2021 ஜனவரியில் இறக்கும்வரை அவர் குடியிருந்ததும் அந்த வளாகத்திலேயே.