பெயர்ப்பலகை இல்லாத தவறணை

தபாஸ் என்றதும் இன்று பலருக்கும் நினைவில் எழுவது, பெருநகர உணவகங்களில் சின்னஞ்சிறு தட்டுகளில் பெருவிலைக்குப் பரிமாறப்படும் ஸ்பானியச் சிற்றுணவுதான். ஸ்பானிய மொழியில் ‘தபா’ என்றால் மூடி. மதுக்கிண்ணத்தை மூடிவைத்த பாண் துண்டிலிருந்தோ இறைச்சித் துண்டிலிருந்தோ இப்பெயர் வந்தது என்பார்கள். மன்னர்களோடு தொடர்புபடுத்தும் கதைகளும் உண்டு. ஆனால் இவ்வுணவை வளர்த்தவர்கள் மன்னர்களல்லர். வேலை முடிந்து ‘தபெர்னா’வில் ஒதுங்கிய உழைப்பாளிகள். நமது ‘தவறணை’யும் அந்தத் ‘தபெர்னா’வும் ஒரே லத்தீன் வேரிலிருந்து கிளைத்த சொற்களே.

அத்தகைய தவறணைகளுக்குப் பெயர்பெற்ற ஒரு தொழிலாளர் குடியிருப்பு, பார்சலோனா துறைமுகத்தை ஒட்டிய பார்சலோனெற்றா. அதன் பிறப்பே ஓர் இடப்பெயர்வின் கதை.

1714 செப்டெம்பர் 11 ஆம் திகதி, நீண்ட முற்றுகையின் பின்னர், பார்சலோனா நகரம் ஐந்தாம் பிலிப் மன்னரின் படைகளிடம் வீழ்ந்தது. பணியாத நகரத்தைக் கண்காணிக்க அங்கே பெருங்கோட்டையொன்று எழுப்பப்பட்டது. அதற்காக ரிபெரா என்ற பகுதியில் ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் இடிக்கப்பட்டன. வீடிழந்தவர்களிற் பலர் கடற்கரையில் குடிசை போட்டனர். அரசு திட்டமிட்ட குடியிருப்பொன்றைக் கடலோரத்தில் அமைக்கத் தொடங்கியது 1753 இல். இடிப்புக்கும் கட்டுமானத்துக்கும் இடையே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

இராணுவப் பொறியியலாளர்கள் வரைந்த நேர்கோட்டு வீதிகளில், 8.4 மீற்றர் நீள அகலமுள்ள இரண்டு மாடி வீடுகள் எழுந்தன. ஒரு வீடு ஒரு குடும்பத்துக்கு என்பதே திட்டம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகளும் கப்பல் வேலையும் ஆட்களை இழுத்து வந்தபோது வீடுகள் பாதியாயின, பின் காலாயின. ‘கால் வீடு’ என்றே கட்டலன் மொழியில் அவற்றுக்குப் பெயர். பரப்பு முப்பது சதுர மீற்றர் அளவுதான். அதற்குள் ஒரு குடும்பம் உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்தது. வீட்டில் இடமில்லாதவர்களுக்கு வீதியே முற்றம்; தவறணையே விறாந்தை.

இங்கு உருவான உணவொன்றின் பெயர் ‘பொம்பா’, அதாவது குண்டு. 1944 இல் இங்கு ‘கோவா புமாதா’ என்ற தவறணை திறக்கப்பட்டது. புகைபடிந்த குகை என்பது பெயரின் பொருள். வாசலில் பெயர்ப்பலகை இன்றியே அது பல தசாப்தங்கள் இயங்கியது. தெரிந்தவர்களுக்குப் பலகை எதற்கு? உள்நாட்டுப் போர் 1939 இல் முடிந்தபின், 1952 வரை ஸ்பானியா பங்கீட்டு அட்டையில் வாழ்ந்த நாடு. அப்பஞ்சகாலம் கழிந்த 1950களில் அந்தத் தவறணையின் சமையலறையில் பொம்பா பிறந்தது என்பர். மசித்த உருளைக்கிழங்குக்குள் சிறிதளவு இறைச்சியை வைத்து உருட்டி, பாண் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். உள்ளியும் ஒலிவ் எண்ணெயும் சேர்த்து அடித்த குழம்பும், உறைப்பான சிவப்புக் குழம்பும் மேலே. பார்வைக்கு நமது கட்லட்டின் உறவு. இறைச்சி கொஞ்சம், கிழங்கு அதிகம் என்பதிலேயே அதன் வர்க்கம் தெரிந்துவிடுகிறது.

பெயருக்கும் வரலாறு உண்டு. 1893 இல் லிசெயு இசையரங்கில் அராஜகவாதி ஒருவர் வீசிய குண்டில் இருபது பேரளவில் மாண்டனர். அத்தகைய உருண்டைக் குண்டுகளின் நினைவே இப்பெயர் என்பது பரவலான விளக்கம். 1930களின் போரில் இக்குடியிருப்பின் மீதே வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. குண்டுகளுக்கு அஞ்சிய ஊர், தின்னும் பண்டத்துக்கு அதே பெயரைச் சூட்டிக்கொண்டது.

கோட்டையும் பஞ்சமும் போரும் கலைக்காத குடியிருப்பைச் சுற்றுலா கலைக்கத் தொடங்கியது. 1992 ஒலிம்பிக்கை முன்னிட்டுக் கடற்கரை சீரமைக்கப்பட்டபோது, மணலில் நின்ற பழைய உணவுக்கொட்டில்கள் அகற்றப்பட்டன. அதன்பின் கால் வீடுகள் பயணிகளின் தங்குமிடங்களாக மாறின. 2014 ஓகஸ்டில் குடியிருப்பாளர்கள் வீதிக்கு இறங்கிப் போராடினார்கள். சுற்றுலா வாடகை வீடுகள் பத்தாயிரத்தின் உரிமங்களை 2028 நவம்பருடன் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக, 2024 ஜூனில் பார்சலோனா மேயர் அறிவித்தார்.

இதிலுள்ள முரண் கசப்பானது. பயணி தேடி வருவது ஏழையின் உணவை. அவர் தங்குவதற்காகக் காலியாவது அதே ஏழையின் வீடு. சமையற்குறிப்பை எழுதிவைத்துக் காப்பாற்றிவிடலாம். பொம்பாவை எந்த ஊரிலும் பொரிக்கலாம். ஆனால் பெயர்ப்பலகை இல்லாத கதவை வழி கேட்காமல் திறந்து நுழைந்தவர்களை எந்தக் குறிப்பிலும் எழுதிவைக்க முடியாது. முதல் தடவை அவர்களைக் கோட்டைக்காக வெளியேற்றினார்கள். இம்முறை வாடகை அதைச் சத்தமில்லாமல் செய்கிறது.