மருமகனுக்கு ஒன்பது சதவீதம்

சிதறால் மலைக்கோவிலுக்கு வருகிறவர்கள் சமணத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கு மலையைச் சுற்றியிருக்கிற பழைய வீடுகள் மேல்தான் கண். வீட்டுக்காரர் செத்துப்போனாலோ, கணவன் மனைவி பிரிந்தாலோ, வீடு யாருக்கு? கைமாறும்போது அரசுக்கு எவ்வளவு கட்டணும்? இந்தப் பகுதியில் நூறே வருஷத்தில் இதற்கான பதில் தலைகீழாகிவிட்டது.

திருவிதாங்கூர் காலத்தில் இங்கே நாயர்களிடமும், கிழக்கே நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களில் ஒரு பிரிவாரிடமும் மருமக்கள்வழி இருந்தது. சொத்து சகோதரி மகனுக்கு. பெற்ற மகனுக்கு அல்ல. ஆனால் வீட்டு விஷயத்தில் இரண்டும் ஒன்றில்லை. நாயர் பெண்ணுக்குப் பிறந்த தறவாட்டிலேயே உரிமை. கணவன் பிரிந்தாலும் செத்தாலும் அவளுக்கு ஒரு கூரை உண்டு. வெள்ளாளப் பெண்ணோ கணவன் வீட்டுக்கு வாழப் போனவள். அவன் கண்ணை மூடியதும் வீடு அவனுடைய மருமகன் கைக்குப் போயிடும். பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்று அதிகபட்சம் கால் பங்கு, அவ்வளவுதான். கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' இந்த வயிற்றெரிச்சலைத்தான் பாடுகிறது. 1925இல் நாயர்களுக்கும் 1926இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களுக்கும் தனிச் சட்டங்கள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

சாவுக்கு வரி போடுவதும் இந்த மண்ணுக்குப் புதுசில்லை. மலையாள நாட்டு அரசர்கள் வாரிசிடம் 'புருஷாந்தரம்' என்றொரு தொகை வாங்கினார்கள். சுதந்திர இந்தியாவில் 1953 அக்டோபர் 15 முதல் எஸ்டேட் டூட்டி. அந்தச் சட்டம் மருமக்கத்தாயத்தைப் பேர் சொல்லியே குறிப்பிட்டது. தறவாட்டில் ஒருவர் இறந்தால், சாவதற்குச் சற்று முன்பு பாகம் பிரித்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்குமோ அதைக் கணக்குப் போடு என்றது. நிஜத்தில் யாரும் ஒரு சுவரைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள்; காகிதத்தில் மட்டும் வீடு பிரியும். 1985 மார்ச் 16 முதல் அந்த வரி ஒழிந்தது. இன்று இந்தியாவில் சாவுக்கு வரி இல்லை.

இடையில் எல்லையும் மாறியது. 1956 நவம்பர் 1இல் சிதறால் தமிழ்நாட்டுக்கு வந்தது. கேரளம் 1975இல் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்துச் சட்டம் போட்டது. சில மைல் தள்ளியிருந்த அந்த எல்லையை அது தாண்டவில்லை.

சாவுக்கு வரி போச்சு சரி, உயிரோடு இருக்கும்போது வீட்டை எழுதிக் கொடுத்தால்? தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்கு செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையிலிருந்து அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. குடும்பம் என்றால் யார்? பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர். இதில் சகோதரி மகன் இல்லை! 30 லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள வீட்டை மகனுக்கு எழுத 40,000 ரூபாய் போதும். சகோதரி மகனுக்கு எழுதினால் 7 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவு என 2,70,000. ஒரு காலத்தில் ஒரே வாரிசாக இருந்தவன் இன்று பதிவு அலுவலகத்தில் அந்நியன்.

வேடிக்கை என்னவென்றால், வருமான வரிச் சட்டத்துக்கு மாமனைத் தெரியும். மாமன் மருமகனுக்கு வீட்டை இனாமாகக் கொடுத்தால் மருமகனுக்கு அதில் வருமான வரி கிடையாது. மருமகன் மாமனுக்குக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை. மருமக்கள்வழி மாதிரியே இதுவும் ஒருவழிப் பாதை.

பிரிவு விஷயத்துக்கு வருவோம். மனைவி என்ற சொல் அந்தப் பட்டியலில் இருக்கிறது, முன்னாள் மனைவி என்ற சொல் இல்லை. விவாகரத்துத் தீர்ப்புக்கு முன் வீட்டை அவள் பேருக்கு எழுதினால் குடும்பச் சலுகை. தீர்ப்பு வந்த பிறகு எழுதினால் அந்தச் சொல் பொருந்தாது. அதே வீடு, அதே பெண். நடுவில் ஒரு தேதி. பிரிகிற நேரத்தில் யாருக்கு இதெல்லாம் ஞாபகம் வரும்?

மருமக்கள்வழியில் கணவன் வீட்டில் மனைவி வெளியாள், மருமகன் வீட்டுக்காரன். இன்று அவர்கள் இடம் மாறிக்கொண்டார்கள். பிரிந்துபோன மனைவி மட்டும் அன்றும் வாசலுக்கு வெளியே, இன்றும் வாசலுக்கு வெளியே.