திருகோணமலைத் துறைமுகம்: காற்றும் கோட்டையும் கரையோர ஊர்களும்

இலங்கையின் கிழக்குக் கரையில், மகாவலி கங்கை கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவை அடுத்து, பாறைக் குன்றுகள் சூழ உள்வாங்கிக் கிடக்கும் திருகோணமலைத் துறைமுகம், உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகும். கொழும்பில் அலைதாங்கிச் சுவர் எழுப்பிப் பெறவேண்டியிருந்த அமைதியான நீர்ப்பரப்பை இங்கே நிலத்தின் அமைப்பே கொடுத்திருக்கிறது. ஏறத்தாழ 1,630 ஹெக்டேர் பரப்புள்ள இத்துறைமுகத்தின் நுழைவாய் சுமார் 500 மீட்டர் அகலமே கொண்டதாகையால், வெளிக்கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் உள்ளே நங்கூரமிட்ட கப்பல்களுக்கு அதன் தாக்கம் எட்டுவதில்லை. குடாவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் கடலடிப் பள்ளத்தாக்கு விரைவிலேயே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குவதால், நீலத் திமிங்கிலங்களைக்கூடக் கரைக்கு அண்மையிலேயே காணமுடிகிறது. ஆழமும் பாதுகாப்பும் ஒருங்கே அமைந்த இத்துறைமுகம் வணிக நகரமாக வளராமல் படைத்தளமாகவே நூற்றாண்டுகளைக் கழித்தது ஏன் என்பதே திருகோணமலை மாவட்ட வரலாற்றின் மையக் கேள்வியாகும்.

ஐரோப்பியர் வருமுன் இத்துறையின் அடையாளமாக விளங்கியது, கடலுக்குமேல் செங்குத்தாக எழும் சுவாமி மலையில் நின்ற கோணேசர் கோயில் ஆகும். பாளி நூல்கள் கோகண்ணம் என்று குறிக்கும் இத்தலத்தை ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தேவாரத்தில் பாடினார். பதினோராம் நூற்றாண்டில் இப்பகுதி சோழர் ஆட்சிக்குள் வந்தபோது, பெரியகுளத்துக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை ‘இராஜராஜப் பெரும்பள்ளி’ என்று பெயர்பெற்றது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள், அணையா விளக்கெரிப்பதற்காகத் தமிழர் அளித்த கொடைகளைப் பதிவுசெய்கின்றன. தமிழர் பௌத்தப் பள்ளியொன்றைப் பேணினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இலங்கையில் அரிது. மதத்தையும் மொழியையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவோர் ஒருமுறையேனும் சென்று படிக்கவேண்டிய கற்கள் இவை.

1624ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா, கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே மலையடியில் கோட்டை கட்டினார். அக்கோட்டையே பின்னர் விரிவடைந்து, 1803இல் பிரித்தானிய இளவரசர் ஒருவரின் பெயரால் பிரெடரிக் கோட்டை எனப்பட்டது. அதன் வாயிலில் பதிந்துள்ள கல்லொன்றில் பாண்டியரின் சின்னமான இணைக் கயலும் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளும் இன்றும் தெரிகின்றன. கோயிலுக்குச் செல்லும் அடியார்கள் அந்த வாயிலைக் கடந்துதான் மலையேற வேண்டும். இடிபாட்டுக்குத் தப்பி மறைத்துவைக்கப்பட்ட திருமேனிகள் தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகராக வழிபடப்பட்டன என்பது மரபு. 1950இல் நகரில் கிணறு வெட்டியபோது வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

கோட்டைக்காக நாடுகள் போரிட்டதன் காரணம் காற்றில் இருக்கிறது. மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரையான சோழமண்டலக் கரையில், பாய்க்கப்பல் காலத்தில், பெருங்கப்பல்கள் ஒதுங்கத்தக்க துறைமுகம் ஒன்றுகூட இருக்கவில்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு, மசுலாப் படகுகளில் சரக்கை ஏற்றி இறக்கின. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்று, அதாவது வடகீழ்ப் பருவக்காற்று, புயலோடு வரும்போது அங்கே நிற்பது ஆபத்தாகையால், போர்க்கப்பல்கள் தென்முனையைச் சுற்றி மும்பைக்கு ஓடவேண்டியிருந்தது. அந்த நீண்ட கரைக்கு மிக அண்மையில் இருந்த ஒரே புகலிடம் திருகோணமலை. ‘ஆன்’ என்ற ஆங்கில வணிகக் கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினக் கடலில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. அதைச் சீர்செய்யக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தபோது, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அதன் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்சையும் மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் தப்பிய மகன் 1681இல் வெளியிட்ட நூலே, கண்டி இராச்சியத்தின் வாழ்வை ஆங்கிலத்தில் விரிவாகச் சொன்ன முதல் நூலாயிற்று.

துறைமுகம் 1639இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1672இல் பிரெஞ்சுக்காரர் காலூன்ற முயன்று தோற்றனர். 1782 ஒன்றிலேயே இது இருமுறை கைமாறியது: சனவரியில் பிரித்தானியத் தளபதி ஹியூஸ் கைப்பற்றியதை, ஆகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் பறித்தார், செப்டெம்பர் 3ஆம் நாள் இரு கடற்படைகளும் துறைமுகத்துக்கு வெளியே மோதியும் முடிவு மாறவில்லை. சமாதான உடன்படிக்கையால் ஒல்லாந்தருக்கு மீண்ட துறைமுகத்தை 1795இல் பிரித்தானியர் நிலையாகக் கைக்கொண்டனர். மும்பையில் தேக்குமரத்தால் கட்டி 1817இல் கடலில் இறக்கப்பட்டு, திருகோணமலையின் பெயர் சூட்டப்பட்ட போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கிறது.

நீராவிக் கப்பல் வந்ததும் காற்றுக்கு அஞ்சும் காலம் முடிந்தது. அதனோடு துறைமுகத்தின் பழைய மதிப்பும் குறைந்தது. கோப்பியும் தேயிலையும் விளைந்த மலைநாட்டைக் கொழும்போடு இணைக்கும் இருப்புப்பாதை 1867இல் கண்டியை எட்டியிருக்க, திருகோணமலைக்கு இரயில் வந்தது 1927இல்தான். ஏற்றுமதிக்குரிய பெருந்தோட்டம் எதுவும் அருகில் இல்லாத துறைமுகத்துக்கு அறுபது ஆண்டு பிந்திவந்த இரயில் வணிகத்தைக் கொண்டுவரவில்லை. ஆகவே கரையோர ஊர்கள் துறைமுகத்தை நம்பாமல் தம் வழியிலேயே வாழ்ந்தன: தம்பலகாமமும் மூதூரும் நெல்லால், குச்சவெளியும் நிலாவெளியும் மீன்பிடியால். சோளகக் காற்று, அதாவது தென்மேல் பருவக்காற்று, வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாகையால், நீர்கொழும்பு முதலிய மேற்குக் கரை ஊர்களின் மீனவர் இங்கு வந்து வாடி அமைத்துத் தொழில்செய்வது நெடுநாள் வழக்கம். நெல்வயல்களுக்கு நீர்தரும் கந்தளாய்க் குளத்தைத் தமிழ் மரபு குளக்கோட்டன் என்னும் மன்னனோடும், பாளி நூலான சூளவம்சம் இரண்டாம் அக்கபோதி மன்னனோடும் சேர்த்துச் சொல்கிறது. 1986 ஏப்ரலில் அதன் அணை உடைந்து பெருஞ்சேதம் விளைந்தது. கிண்ணியா மக்கள் 2009இல் பாலம் திறக்கும்வரை, நகருக்குச் செல்லப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகையே நம்பியிருந்தனர்.

துறைமுகத்துக்குப் புதிய மதிப்பைக் கொடுத்தது எண்ணெய். கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியபோது, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், பிரித்தானியக் கடற்படை சீனன்குடாவின் காட்டுக்குள் பாரிய எண்ணெய்த் தாங்கிகளை நிறுவியது. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீட்டர் கொள்ளும் இரும்புத் தாங்கிகள் 99 இன்றும் எஞ்சியுள்ளன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. எச்சரிக்கை கிடைத்து முந்திய இரவே வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 1957இல் பண்டாரநாயக்க அரசு கடற்படைத் தளத்தைப் பொறுப்பேற்றபின் தாங்கிகளில் பெரும்பாலானவை பயனின்றிக் கிடந்தன. ஆயினும் 1987ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை உடன்பாட்டோடு இணைந்த கடிதங்களில் துறைமுகமும் தாங்கிகளும் தனியே குறிக்கப்பட்டதிலிருந்து, அவற்றின் மீதிருந்த வெளிநாடுகளின் கண் ஒருபோதும் அகலவில்லை என்பது விளங்கும்.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூவருள் எவரும் இம்மாவட்டத்தில் பாதிக்கு மேல் இல்லை. உள்நாட்டுப் போரையும் 2004இன் ஆழிப்பேரலையையும் மூவருமே அனுபவித்தனர். சீனன்குடாத் தாங்கிகள் குறித்து 2022 சனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கை, 14 தாங்கிகளை இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.க்கும் 24ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61ஐ அவ்விரண்டும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்துக்கும் பிரித்தது. அந்தப் பங்கீட்டில் கிழக்கு மாகாண சபைக்கு ஒரு தாங்கியும் இல்லை.