சன்னலோரத்து ஒளிவட்டம்

விமானத்தில் சன்னலோரத்து இருக்கையைக் கேட்டுப் பெறுவோர் பலர். எந்தப் பக்கத்துச் சன்னல் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. காலையில் வடக்கு நோக்கிப் பறக்கும் விமானத்தில் கதிரவன் வலப்புறம் இருப்பான். அப்பக்கம் அமர்ந்தால் கண் கூசும். இடப்பக்கம் அமர்ந்தால் காட்சி தெளிவாக இருக்கும். அத்துடன் ஓர் அரிய காட்சியும் கிட்டக்கூடும். கீழே முகில்களின் மீது விமானத்தின் நிழல் விழும். அதைச் சூழ்ந்து சிறு வானவில் போன்ற வளையங்கள் தோன்றும். வெளிப்புறம் சிவப்பாகவும் உட்புறம் நீலமாகவும் இருக்கும் இவ்வளையங்களை ஒளிவட்டம் எனலாம். இதன் வரலாறு விமானத்தைவிடப் பழையது.

புவியின் வடிவத்தைக் கண்டறிய, நிலநடுக்கோட்டருகே ஒரு பாகையின் நீளத்தை அளக்க வேண்டியிருந்தது. அதற்காக 1735-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு குழுவைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பியது. பியேர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞரும், அந்தோனியோ டி உல்லோவா என்ற ஸ்பானிய அதிகாரியும் அதில் இருந்தனர். ஆண்டீஸ் மலைத்தொடரின் பம்பமார்க்கா மலைமீது அவர்கள் நின்றபோது, பின்னால் கதிரவன் எழுந்தது, எதிரே பனிமூட்டம். அதில் விழுந்த தம் நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையங்களைக் கண்டனர். வியப்பு என்னவென்றால், ஒவ்வொருவரும் தம் தலையைச் சுற்றி மட்டுமே வளையத்தைக் கண்டனர். அருகில் நின்றவர் தலையைச் சுற்றி எதுவும் தெரியவில்லை!

இதில் தெய்விகம் ஏதுமில்லை. முகிலின் நுண்ணிய நீர்த்துளிகள், தம்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை வந்த திசைக்கே திருப்புகின்றன. ஆகவே வளையத்தின் மையம், பார்ப்பவரின் கண்ணுக்குக் கதிரவன் இருக்கும் திசைக்கு நேர் எதிரே அமைகிறது. துளிகள் சிறியவையானால் வளையம் பெரிதாகும். 1908-இல் குஸ்டாவ் மீ வகுத்த ஒளிச்சிதறல் கணக்கீடு இவ்வளையங்களையும் உள்ளடக்கியது.

இனி ஸ்காத்லாந்துக்குச் செல்வோம். அங்கே பென் நெவிஸ் மலையுச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை ஆய்வு நிலையம் இயங்கியது. 1894 செப்டம்பரில் சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் அங்கே இரு வாரங்கள் பணியாற்றினார். கதிரவன் ஒளியில் முகில்கள் காட்டிய ஒளிவட்டங்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. அவற்றைச் சோதனைச்சாலையிலேயே உண்டாக்கிப் பார்க்க விரும்பினார்.

1895-இல் கேம்பிரிட்ஜில், ஈரக்காற்றைத் திடீரென விரியச் செய்து குளிர்வித்து, கண்ணாடிக் கலத்துக்குள் செயற்கை முகிலை உருவாக்கினார். தூசியை நீக்கிய காற்றிலும், போதிய அளவு விரிந்தால் துளிகள் தோன்றின. இவை எதைப் பற்றிக்கொண்டு உருவாகின்றன? மறு ஆண்டில், அண்மையில் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ் கதிர்களைக் கலத்துக்குள் செலுத்தினார், துளிகள் பெருகின. மின்னூட்டம் பெற்ற அயனிகளின் மீது நீராவி படிகிறது என்பது புலனாயிற்று. 1911-இல், கண்ணுக்குப் புலப்படாத ஆல்ஃபா துகள் சென்ற பாதையே மெல்லிய முகில்கோடாகத் தெரிந்தது! இதுவே நம் பாடநூல்களில் வரும் வில்சன் முகில் அறை. இதற்காக 1927-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்தது. 1932-இல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டுபிடித்ததும் முகில் அறையின் துணைகொண்டே. மலையுச்சியில் ஓர் இளைஞர் அழகை நின்று பார்த்ததன் பயன் இது.

வில்சன் கண்டதைக் காண நமக்கு மலையேற்றம் தேவையில்லை. காலை அல்லது மாலைப் பயணத்தில், கதிரவனுக்கு எதிர்ப்பக்கத்தில், இறக்கை மறைக்காத சன்னலைத் தேர்ந்தெடுங்கள். உச்சிவேளையில் நிழல் விமானத்தின் அடியில் சென்றுவிடும். முகில் அருகே வரும்போது வளையத்தின் மையத்தைக் கவனியுங்கள். முன்வரிசையில் அமர்ந்திருந்தால் நிழலின் முன்பகுதியிலும், பின்வரிசையானால் பின்பகுதியிலும் அது இருக்கும். அதாவது, நீங்கள் அமர்ந்துள்ள இடத்திலேயே! பக்கத்தில் இருப்பவருக்கும் காட்டுங்கள். சன்னல் திரையை இறக்கிவிட்டு உறங்கும் சிறுவன் ஒருவன் எழுந்து பார்த்து, "இது ஏன்?" என்று கேட்டால், அதுவே போதும்.