சூழொலிக் கலவையில் தாமத விளைவு

ஓர் ஒலியின் நகலைச் சற்று நேரம் கழித்து ஒலிக்கவிடுவது தாமத விளைவு. ஒலிக்கூடங்களில் இதை ‘டிலே’ என்பார்கள். இரண்டு ஸ்பீக்கர்கள் கொண்ட ஸ்டீரியோவில் இது பெரும்பாலும் எதிரொலிக்காகவும் தாள அழகுக்காகவும் பயன்படுகிறது. சுற்றிலும் தலைக்கு மேலும் ஸ்பீக்கர்கள் அமைந்த சூழொலியிலோ, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது, அது பிறந்த இடம் எவ்வளவு பெரியது என்று காதை நம்பவைப்பதே இதன் தலையாய வேலை.

20 பாகை செல்சியஸில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஆகவே 1 மில்லிநொடித் தாமதம் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் தொலைவாகும். ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து சற்று முன்பின்னாக வந்தால், முந்தி வந்த திசையையே மூளை ஏற்றுக்கொள்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் முனைவர் பட்ட ஆய்வாக இதை அளந்து காட்டியதால் ‘ஹாஸ் விளைவு’ என்ற பெயர் நிலைத்தது. பேச்சொலிக்கு ஏறத்தாழ 5 முதல் 30 மில்லிநொடிக்குள் வரும் நகல் தனி எதிரொலியாகக் கேட்பதில்லை. மூல ஒலியோடு கலந்து அதற்குக் கனம் சேர்க்கிறது.

திரையரங்குகள் இதை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகின்றன. 1970களில் வந்த டால்பி ஸ்டீரியோ, நான்கு தடங்களை இரண்டு ஒளித்தடங்களுக்குள் அடக்கியது. அவற்றை மீண்டும் பிரிக்கும்போது வசனம் சிறிதளவு சுற்று ஸ்பீக்கர்களுக்கும் கசியும். அந்த ஸ்பீக்கர்களைத் தாமதப்படுத்தியதால், கசிவு இருந்தும் வசனம் திரையிலிருந்தே கேட்டது. அக்காலக் கண்டுபிடிப்புகளில் மிக நேர்த்தியானது இதுவே எனலாம்.

2012இல் ‘பிரேவ்’ படத்தோடு அறிமுகமான டால்பி அட்மாஸ், ஒலிகளைத் தனித்தனிப் பொருள்களாக வெளியில் நிறுத்த வழிசெய்தது. இதனால் எதிரொலியின் ஒவ்வொரு மறுமுறைக்கும் தனி இடம் கொடுக்க முடிகிறது: குரல் முன்னே, முதல் மறுமுறை பக்கச் சுவரில், அடுத்தது பின்னே. ஒவ்வொரு முறையும் உயர் அலைவெண்களைக் குறைத்தால் ஒலி விலகிப் போவதாகத் தோன்றும். இசையில் இடைவெளியைத் தாளமே தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லிநொடி.

உயர ஸ்பீக்கர்களில் ஹாஸ் விளைவு தடுமாறுகிறது. இடவலத் திசையை இரு காதுகளுக்கிடையே உள்ள நேர, அளவு வேறுபாட்டால் அறிகிறோம். மேல்கீழைக் காதுமடல் ஒலியின் நிறத்தில் செய்யும் மாற்றத்தால்தான் பெரிதும் உணர்கிறோம். எனவே மேலே அனுப்பும் நகலைத் தாமதப்படுத்தினால் மட்டும் போதாது. அளவையும் குறைக்க வேண்டும். இல்லையெனில் மூல ஒலியே மேலேறிவிடும்.

இருக்கையும் முக்கியம். திரையைவிடப் பின்சுவருக்கு 10 மீட்டர் அருகில் இருப்பவருக்குப் பின் ஒலி சுமார் 29 மில்லிநொடி முந்திவிடும். கலவை அறையின் நடுவில் பின் ஒலிக்கு 20 மில்லிநொடித் தாமதம் வைத்து ரசித்த விளைவு அவருக்குத் தலைகீழாகக் கேட்கும்.

சூழொலியை ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது வரும் கேடு இன்னும் பெரிது. மூலமும் 1 மில்லிநொடி பிந்திய நகலும் ஒரே தடத்தில் சேர்ந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என வரிசையாக ஒலி நலிந்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கேட்பவர்களில் பலர் ஹெட்போனிலோ இரண்டு ஸ்பீக்கர்களிலோதான் கேட்கிறார்கள். அவற்றிலும் கேட்டுப் பார்க்காத சூழொலிக் கலவை முடிந்த கலவை ஆகாது.